ஏடிவியை எங்கே நிறுத்துகிறீர்கள்? மான் கவனித்துக்கொண்டிருக்கிறது

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் காலம் ஒன்பது நாள். நவம்பரில் வரும் தேங்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். அன்று அதிகாலை ஐந்து மணிக்குக் காட்டோரச் சாலையில் நின்று காது கொடுத்தால் நாலா பக்கமும் ஏடிவி, அதாவது கரடுமுரடான தரையில் ஓடும் நான்கு சக்கரத் திறந்த வண்டி, ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்கும். பரணுக்கு அடியிலேயே கொண்டுபோய் வண்டியை நிறுத்துவார்கள். ஏணியில் ஏறி ஒன்பது, பத்து மணி வரை குளிரில் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு "இந்த வருஷம் மானே இல்லை" என்று சலித்துக்கொண்டு இறங்குவார்கள். பெரும்பாலும் மான் அங்கேயேதான் இருக்கும். புதருக்குள் தலையைத் தாழ்த்திப் படுத்து, இவர்கள் இறங்கிப் போவதற்காகக் காத்திருக்கும்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். ஆகவே இது அங்கே இருப்பவர்களுக்கான செய்முறை அல்ல. அமெரிக்காவில் உரிமம் எடுத்து முறையாக வேட்டைக்குப் போகிறவர்களுக்கும், அதே காட்டில் ஏடிவியைப் பொழுதுபோக்குக்காக ஓட்டுகிறவர்களுக்கும் எழுதுகிறோம்.

ஏடிவி மானை விரட்டுகிறதா என்று கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. எந்த மான், எந்த நேரம், வண்டி எங்கே நிற்கிறது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதில் மூன்றாவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

ஸ்டார்க்கி காட்டில் பார்த்தது

இந்த விஷயத்தில் நம்பிப் பேசக்கூடிய தரவு ஆரெகன் மாநிலத்தின் வடகிழக்கில், லா கிராண்ட் ஊருக்கு அருகில் இருக்கும் ஸ்டார்க்கி ஆய்வுக் காட்டிலிருந்து வருகிறது. சுமார் 100 சதுர கிலோமீட்டர் காட்டை 2.4 மீட்டர் உயர வேலி போட்டு அடைத்து, உள்ளே இருக்கும் எல்க் மான்களுக்கும் மியூல் மான்களுக்கும் கழுத்துப் பட்டையில் கருவி மாட்டி, அவை எங்கே போகின்றன என்று பல ஆண்டுகள் பதிவு செய்தார்கள். 2000களின் தொடக்கத்தில் அங்கே நான்கு வகைப் போக்குவரத்தை ஒப்பிட்டார்கள்: ஏடிவி, மலை சைக்கிள், குதிரை, நடை. ஒவ்வொன்றும் ஐந்து நாள் நடக்கும். பிறகு ஒன்பது நாள் காட்டை மனித நடமாட்டமே இல்லாமல் விட்டுவிடுவார்கள்.

எல்க் மான்கள் ஏடிவியிடமிருந்துதான் அதிகம் விலகின. சராசரியாக 880 மீட்டர் அளவுக்குத் தள்ளி நின்றன. சைக்கிளுக்கு 660 மீட்டர் போல. நடப்பவரிடமிருந்தும் குதிரையிடமிருந்தும் 550 மீட்டர் அளவுதான். சைக்கிளில் எஞ்சின் கிடையாது, புகை கிடையாது. ஆனாலும் நடப்பவரைவிட அதிக தூரம் விலக வைத்தது. "எலெக்ட்ரிக் வண்டி வாங்கிவிட்டேன், சத்தமே இல்லை, பிரச்சினை தீர்ந்தது" என்பவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். வேகமும் திடீரென்று எதிரில் வந்து நிற்பதும்கூட மிரட்சிதான்.

880 மீட்டர் என்றால் என்ன என்று கணக்குப் போடுவோம். தடத்தின் இரண்டு பக்கமும் 800 மீட்டர் என்று வைத்துக்கொண்டாலே, ஐந்து கிலோமீட்டர் ஓட்டினால் எட்டு சதுர கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 2000 ஏக்கர் கலைந்துபோகிறது. ஏடிவிக்கு அது பதினைந்து நிமிஷ ஓட்டம். நடந்துபோகிறவர் அந்தப் பதினைந்து நிமிஷத்தில் ஒரு கிலோமீட்டர்தான் தாண்டியிருப்பார்.

எல்க் கூட்டம் அப்படியே கிளம்பிப் பக்கத்துத் தனியார் பண்ணைக்குப் போய்விடும். பொதுக்காட்டில் வேட்டையாடுகிறவருக்கு மான் இல்லை, பண்ணைக்காரருக்கு வைக்கோல் இல்லை. ஆரெகனில் வேட்டைக்காலத்தில் சில பகுதிகளில் வண்டிப் பாதைகளை மூடி, திறந்திருக்கும் பாதைகளுக்கு மட்டும் பச்சைப் புள்ளி அடையாளம் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மியூல் மான் கதை வேறு. ஏடிவி போனபோது அவற்றின் நடமாட்டத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. "பார்த்தீர்களா, மானுக்குக் கவலையே இல்லை" என்று இதைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் உண்டு. ஓடாமல் இருப்பது பயப்படாமல் இருப்பதாகாது. அடர்ந்த மறைவுக்குள் போய் அசையாமல் நிற்பதும் தப்பிக்கும் வழிதான். கருவியில் அது அமைதியாகப் பதிவாகும்.

அமெரிக்கர்கள் அதிகம் வேட்டையாடும் வெள்ளைவால் மானும் இந்தப் பதுங்கும் ரகம்தான். அது தன் வட்டாரத்தை லேசில் விட்டுப் போகாது. பெண் மானுக்கு ஒரு சதுர மைலோ அதற்கும் குறைவோ போதும். ஆகவே இடத்தை மாற்றாமல் நேரத்தை மாற்றிக்கொள்கிறது. பகலில் மேய்ந்தது இருட்டில் மேயத் தொடங்கும். திறந்த வெளியைச் சுற்றிக்கொண்டு மறைவு வழியாகவே நடக்கும். காட்டில் மாட்டி வைத்த கேமராவில் நள்ளிரவு இரண்டு மணிக்குப் பெரிய கொம்பு மான் பதிவாகும். வெளிச்சத்தில் ஒரு நாளும் தலைகாட்டாது.

எஞ்சின் அணையும் அந்தக் கணம்

டிராக்டரும் பண்ணை ஏடிவியும் தினமும் ஓடும் வயலோரத்தில் மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்வதை எந்த விவசாயியும் சொல்வார். அதே வழி, அதே வேகம், நிற்காமல் போகும் வண்டி. அதில் ஆபத்து இல்லை என்று மான் பழகிக்கொள்கிறது. 1980களில் கொலராடோவில் மியூல் மான்களை வைத்துச் செய்த ஆய்விலும், பனிவண்டியைக் கண்டதைவிட நடந்து வந்த ஆளைக் கண்டுதான் அவை அதிகம் மிரண்டு ஓடின.

ஸ்டார்க்கி முடிவுக்கு இது முரண் போலத் தோன்றும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் விஷயம் புரியும். வண்டி வண்டியாகவே கடந்து போகும்வரை ஒரு கணக்கு. நின்று, எஞ்சின் அணைந்து, கதவோ பெட்டியோ திறந்து, இரண்டு கால் ஆள் இறங்கினால் வேறு கணக்கு. சத்தம் நின்ற இடத்தில் மனிதன் தோன்றுகிறான் என்பதை மான் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். அந்த இடம் உங்கள் பரணின் அடி என்றால், பரண் எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள்.

நேரமும் எதிரி. பெரும்பாலான மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே சுடும் நேரம் தொடங்கிவிடும். அதற்குள் பரணில் இருக்க வேண்டும் என்று இருட்டிலேயே கிளம்புகிறோம். மான் இரவு மேய்ச்சலை முடித்துப் படுக்கும் இடத்துக்குத் திரும்புவதும் அதே நேரத்தில்தான். வயல் நடுவே ஏடிவியில் போனால், நீங்கள் எதிர்பார்த்து உட்காரப்போகும் மானைத்தான் விரட்டிக்கொண்டு போகிறீர்கள். காலையில் மேயும் நிலத்தைத் தொடாமல் சுற்றி வாருங்கள். சாயங்காலம் படுக்கும் புதர்க்காட்டைத் தொடாமல் சுற்றி வாருங்கள். இருபது நிமிஷம் கூடுதலாகும், ஆகட்டும்.

காது, கண், மூக்கு

வெள்ளைவால் மானின் காது 4 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் மிகத் துல்லியமாகப் பிடிக்கும். எஞ்சினின் தாழ்ந்த உறுமல் அதற்கு வெகு கீழே. உலோகத்தின் மேல் உலோகம் மோதும் சத்தம், பிரேக்கின் கிறீச்சொலி, பிளாஸ்டிக் பெட்டியின் க்ளிக் எல்லாம் அந்த வரம்பை எட்டும். சைலன்சருக்கு நூறு டாலர் செலவழிப்பவர்கள் சாமானை இறுக்கிக் கட்டும் ராட்செட் பெல்ட்டின் கொக்கி கேரியர் கம்பியில் 'டிங் டிங்' என்று தட்டிக்கொண்டே வருவதைக் கவனிப்பதில்லை.

வேட்டைக்கு ஒரு வாரம் முன்பு வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்து வையுங்கள். வண்டியில் எல்லாச் சாமானையும் கட்டி, இரண்டு கையாலும் கேரியரைப் பிடித்து உலுக்குங்கள். எது சத்தம் போடுகிறதோ அதைச் சரிசெய்யுங்கள். பெல்ட்டின் தொங்கும் நுனியைச் சுருட்டி ரப்பரால் கட்டலாம். கொக்கிகளுக்குப் பழைய சைக்கிள் டியூப் துண்டு மாட்டலாம். கேரியர் கம்பியில் நுரைக் குழாய் சுற்றலாம். ரிவர்ஸ் அலாரம் இருந்தால், ரிவர்ஸ் எடுக்கத் தேவையில்லாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். சைலன்சர் ஓட்டையாக இருந்தால் அது வேறு பிரச்சினை. கலிபோர்னியா, கொலராடோ போன்ற மாநிலங்களில் 96 டெசிபல் வரம்பைத் தாண்டினால் அபராதமே வரும்.

கண்ணைப் பொறுத்தவரை மானுக்குச் சிவப்பு தெரியாது, நீலம் நன்றாகத் தெரியும். நீலத்துக்கான உணர்வு 450-460 நானோமீட்டர் பக்கம் உச்சத்தில் இருக்கிறது. இப்போது எல்லாரும் மாட்டிக்கொள்ளும் குளிர்வெள்ளை எல்இடி பட்டையின் நீல உச்சமும் ஏறக்குறைய அதே இடத்தில். அதற்காக விளக்கை அணைத்துவிட்டு ஓட்டாதீர்கள். பள்ளத்தில் கவிழ்ந்து காலை உடைத்துக்கொள்வதற்கு அது நல்ல வழி. சாதாரண ஹெட்லைட்டைத் தாழ்த்தி வைத்து மெதுவாகப் போங்கள். கூரை எல்இடி வேண்டாம். இறங்கி நடக்கும்போது நெற்றியில் சிவப்பு விளக்கு போதும்.

மூக்கை ஏமாற்ற வழியில்லை, விலகி நிற்கத்தான் முடியும். பெட்ரோலை முந்தின நாள் மாலையே போட்டுவிடுங்கள். காலையில் போட்டால் கையுறையில் நாலு சொட்டு சிந்தும், அந்தக் கையுறையோடுதான் ஏணியைப் பிடிப்பீர்கள். ஓட்ட ஒரு ஜாக்கெட், பரணுக்கு வேறு ஜாக்கெட்; இரண்டாவது மூடிய பையில் இருக்கட்டும். மலைச்சரிவில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வெயில் படும்வரை குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி வழியும். வெயில் ஏறியதும் மேல்நோக்கித் திரும்பும். மாலையில் மறுபடி கீழே. அதிகாலையில் மான் இருக்கும் இடத்துக்கு மேலே வண்டியை நிறுத்தினால் சூடான எஞ்சின் வாசனை நேராக அதன் மூக்குக்கு இறங்கும்.

எங்கே நிறுத்துவது

பரணிலிருந்து குறைந்தது 400 மீட்டர். முடிந்தால் 800. நடுவில் ஒரு மேடோ அடர்ந்த மரவரிசையோ இருந்தால் 400 போதும். தட்டையான வயல் என்றால் 800 கூடப் பத்தாது. இது நடைமுறை அளவு, ஆய்வக எண் இல்லை. காற்று உங்கள் வண்டியிலிருந்து மானை நோக்கி வீசக் கூடாது. ஏற்கெனவே வண்டிகள் ஓடும் பாதையோரமே நல்லது. வேட்டைக்காலத்துக்கு மாதங்களுக்கு முன்பிருந்தே அதே இடத்தில் நிறுத்திப் பழக்குங்கள். ஆண்டு முழுக்க வராத சத்தம் நவம்பரில் மட்டும் வந்தால் மானுக்கு விஷயம் புரிந்துவிடும்.

ஒரே கியரில், ஒரே ஆக்சிலேட்டரில் போங்கள். நடுவில் நின்று மரத்தைப் பார்த்து, மறுபடி உறுமவிட்டுக் கிளம்புவதுதான் மிக மோசம். நிறுத்தியதும் எஞ்சினை உடனே அணையுங்கள், ஐட்லிங்கில் விட்டு சாமான் இறக்க வேண்டாம். பேச்சு இல்லை. கடைசித் தூரத்தை நடக்கும்போது வியர்க்காத வேகம். இருவர் போனால் இன்னொரு வழி உண்டு: ஒருவர் பரணில் இறங்கிக்கொள்ள, மற்றவர் எஞ்சினை அணைக்காமல் அப்படியே ஓட்டிப் போய்விடுவது. சத்தம் வந்து போய்விட்டதாகவே மான் எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஆண்டாண்டாகப் பலர் செய்வதுதான்.

எந்த வழியில் ஓட்டலாம் என்பதற்குத் தேசியக் காடுகளில் இலவச வண்டிப்பாதை வரைபடம் உண்டு. 2005ஆம் ஆண்டு விதிக்குப் பிறகு வந்தது. அதில் இல்லாத பாதையில் ஓட்டினால், தரையில் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குற்றம். சுட்ட மானை எடுக்க வண்டி போகலாமா என்பதும் காட்டுக்குக் காடு மாறும். வண்டியிலிருந்து சுடுவது, குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு ஓட்டுவது, வண்டியால் மானை விரட்டுவது எல்லாம் பல மாநிலங்களில் உரிமத்தைப் பறிக்கும் வேலை.

சுட்ட பிறகு

இங்கேதான் அவசரத்தில் எல்லாம் கெட்டுப்போகிறது. வெடிச்சத்தம் கேட்டதும் நண்பர் ஏடிவியை ஸ்டார்ட் செய்து வந்துவிடுவார். நெஞ்சில் பட்ட மான் என்றால் அரை மணி காத்திருந்தால் போதும், அது கிட்டத்திலேயே விழுந்திருக்கும். குடலில் பட்டிருந்தால் முதல் மறைவில் படுத்துக்கொள்ளும். குறைந்தது ஆறு மணி நேரம் விட்டால்தான் அங்கேயே உயிர் அடங்கும். வண்டிச் சத்தம் கேட்டு எழுந்தால், ரத்தத் தடம் இல்லாமல் அடுத்த எல்லைக்குப் போய்ச் சேரும். பிறகு யாருக்கும் கிடைக்காது.

உடல் கிடைத்த பிறகு வண்டியைக் கொண்டுபோகலாம், அதுவும் முடிந்தால் இருட்டிய பின். குடல் நீக்கிய பெரிய கொம்பு மான் 60 கிலோவைத் தாண்டும். பல ஏடிவிகளில் முன் கேரியர் தாங்கும் எடை பின் கேரியரின் பாதியளவுதான்; கையேட்டில் எண் இருக்கும். முன்னால் ஏற்றினால் ஸ்டியரிங் கனத்துப்போகும். பின்னால் அளவுக்கு மீறி ஏற்றி மேட்டில் ஏறினால் முன் சக்கரம் தூக்கும். சைலன்சர் பக்கம் இறைச்சி படாமல் கட்டுங்கள், சூட்டில் தொடை கெட்டுவிடும். இரண்டு சக்கரக் கைவண்டி ஒன்று ஏடிவி கேரியரிலேயே மடித்துக் கட்டிக்கொள்ளும் அளவில் கிடைக்கிறது. அந்த 800 மீட்டரை அதில் இழுத்து வந்தால் மற்றப் பரண்களில் உட்கார்ந்திருப்பவர்களின் மாலை கெடாது.