தடையாணை இருந்தும் ஜேசிபி ஓட்டினால் என்ன தண்டனை?

சனி, ஞாயிறு கோர்ட் கிடையாது. அதைக் கணக்குப் போட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏற்காட்டுக்கு ஜேசிபியை ஏற்றுகிறவர்கள் உண்டு. திங்கள் காலையில் போய்ப் பார்த்தால் எல்லைக்கல் பிடுங்கிக் கிடக்கும். சில்வர் ஓக் மரம் ஏறியிருந்த மிளகுக்கொடியோடு சாய்ந்திருக்கும். காப்பிச் செடிமேல் மண் குவிந்திருக்கும். கையில் முன்சீப் கோர்ட் (கீழமை சிவில் கோர்ட்) தடையாணை இருக்கும். ஸ்டேஷனுக்குப் போனால், "இது சிவில் மேட்டருங்க, கோர்ட்லயே பாத்துக்குங்க" என்ற பதில் வரும். பலர் அதோடு ஓய்ந்து விடுகிறார்கள். ஓயக்கூடாது.

தடையாணை தானாக யாரையும் தடுக்காது. மீறினால் மீறியதைச் சொல்லித் தனி மனு போட வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908-இல் ஆணை 39, விதி 2ஏ இதற்கென்றே இருக்கிறது. வழக்கு நடக்கும் அதே கோர்ட்டில் மனு போடலாம். மீறியவரின் சொத்தை ஜப்தி செய்யவும், அவரை 3 மாதம் வரை சிவில் சிறையில் வைக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஜப்தி ஓராண்டுக்கு மேல் நீடிக்காது. அதற்குப் பிறகும் மீறல் தொடர்ந்தால் சொத்தை விற்று, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். அபராதம் கட்டிவிட்டுத் தப்பிக்கும் வழி இந்த விதியில் இல்லை.

வழக்கு முடிந்து நிரந்தரத் தடைக்குத் தீர்ப்பே வாங்கியிருந்தால் வழி வேறு. அப்போது ஆணை 21, விதி 32-இன்படி, தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு போட வேண்டும்.

மனு நிற்பதும் விழுவதும் ஆதாரத்தில்தான். முதலில், தடை இருப்பது எதிராளிக்குத் தெரியும் என்று காட்ட வேண்டும். எதிராளியைக் கேட்காமலே கொடுத்த இடைக்காலத் தடை என்றால், ஆணையோடு மனு, பிராது (வழக்குரை) நகல்களையும் உடனே பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அனுப்பியதை அன்றோ மறுநாளோ பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்வதும் கட்டாயம். அந்தத் தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அடுத்தது, மீறல் எந்த இடத்தில் நடந்தது என்பது. ஆணையில் உள்ள சொத்து விவரத்தில் சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை தெளிவாக இருக்க வேண்டும். வண்டிப்பாதைத் தகராறு என்றால் பாதையின் அகலமும் வேண்டும். மலைச்சரிவில் நாலடி தள்ளி வெட்டிவிட்டு "இது வேற சப்டிவிஷன்" என்று வாதாட இடம் கொடுக்காதீர்கள். தேதியோடு படம் எடுங்கள். இடத்தைப் பார்த்து அறிக்கை தர கோர்ட் அனுப்பும் வக்கீல் கமிஷனரை நியமிக்க உடனே மனு போட்டு, சர்வேயரோடு இடத்தை அளக்கச் செய்யுங்கள். ஒரு மழை பெய்தால் வெட்டிய தடம் கரைந்துவிடும்.

யார்மேல் தடை வாங்கப்பட்டதோ அவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "தப்பான ஸ்டே, எப்படியும் உடைஞ்சிடும்" என்று நினைத்து வேலையைத் தொடராதீர்கள். ஆணை அமலில் இருந்தபோது மீறியது, பிறகு அது ரத்தானாலும் மீறல்தான். வழக்கை விசாரிக்க அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை என்று பின்னால் தெரிந்தாலும் தண்டனை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1997-இலேயே சொல்லியிருக்கிறது. தடையை நீக்க அதே கோர்ட்டில் மனு போடலாம், மேல்முறையீடும் செய்யலாம்.

அரசு அதிகாரிகள் உயர் நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றாமல் இழுத்தடித்தால், நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் 1971 இருக்கிறது. 6 மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவமதிப்பு நடந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். முன்சீப் கோர்ட் தடைக்கு நேராகச் சென்னைக்கு ஓடினால், "அங்கேயே 2ஏ மனு போடுங்கள்" என்று திருப்பி அனுப்புவதே வழக்கம்.

ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) போட்ட உத்தரவு கோர்ட் தடை ஆகாது. அதை மீறுவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 223-ஆம் பிரிவில் வரும். வழக்கு நடக்க, உத்தரவிட்ட அதிகாரியோ அவருக்கு மேலதிகாரியோ எழுத்து மூலம் புகார் தர வேண்டும். ஆகவே மனுவோடு அவரிடம் போங்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்பதால் சும்மா இருக்க வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சேர்வராயன் மலையின் மலையாளி மக்களும் பழங்குடியினரே. சேலம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது ஆணையின் சான்றிட்ட நகல், பட்டா, புலப்படம் (நிலத்தின் சர்வே வரைபடம்), தபால் ரசீது நான்கையும் எடுத்துப் போங்கள்.