சிண்டிகேட் என்னும் ஆட்சிக்குழு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் வசிக்கும் பெரியவர் ஒருவர், தம் பேத்தி படிக்கும் கல்லூரியின் அறிவிப்பில் ‘சிண்டிகேட்டின் ஒப்புதலுக்கு உட்பட்டது’ என்றிருந்த வரியைக் காட்டி, “ஏலத்தில் நாலு பேர் கூட்டுச் சேர்ந்து விலையை அமுக்குவதைத்தானே தம்பி சிண்டிகேட் என்பார்கள்? படிப்பு நடக்கிற இடத்தில் அதற்கு என்ன வேலை?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. நாளிதழ்களில் அச்சொல் பெரும்பாலும் அந்தப் பொருளில்தான் வருகிறது. 1969-இல் காங்கிரசு பிளவுபட்டபோது காமராசர், நிசலிங்கப்பா முதலிய மூத்த தலைவர்கள் நின்ற அணியும் ‘சிண்டிகேட்’ என்றே அழைக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தில் அச்சொல் குறிப்பது, சட்டத்தால் அமைக்கப்பட்டு, கூட்டம் கூடி முடிவெடுத்து, அம்முடிவுகளைப் பதிவுசெய்தாக வேண்டிய ஒரு குழுவை. ஒரே ஒலி இவ்விரண்டையும் சுமப்பதால், தன் பிள்ளையின் படிப்பைப் பற்றி முடிவெடுப்பது யார் என்பதே பெற்றோர் பலருக்குப் புரியாமல் போகிறது.

இச்சொல்லின் வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. ‘சின்’ என்பது உடன் என்றும், ‘திகே’ என்பது நீதி என்றும் பொருள்படும். வழக்காடுமிடத்தில் ஒருவருக்கு உடன்நின்று பேசுபவரைக் கிரேக்கர் ‘சிண்டிகோஸ்’ என்றனர். நம் சங்கப் பாட்டில் வரும் ‘அறங்கூறவையம்’ என்ற தொடரைக் கொண்டு சொன்னால், அறங்கூறவையத்தில் துணைநிற்பவர். அச்சொல் இலத்தீனில் நுழைந்தபோது, ஒரு நகரத்துக்காகவோ ஒரு சங்கத்துக்காகவோ பேசும் பொறுப்பாளரைக் குறித்தது. அப்பொறுப்பாளர்கள் சேர்ந்த குழு பிரெஞ்சில் ‘சிண்டிகா’ என்றும் ஆங்கிலத்தில் ‘சிண்டிகேட்’ என்றும் ஆயிற்று. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் குறிப்பிட்ட ஒரு வேலையை ஒப்படைத்து அமர்த்தப்படும் குழுவுக்கு இப்பெயர் நெடுங்காலமாக உண்டு. அங்கே பல்கலைக்கழக அச்சகத்தை மேற்பார்த்தவர்கள் ‘சிண்டிக்குகள்’ எனப்பட்டனர். முதலாளிகள் பணத்தைச் சேர்த்துப் போட்டு நடத்தும் கூட்டு என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் ஏறியது. ஏலக் கூட்டு என்ற பொருள் அதன் தொடர்ச்சி. ஆகவே பெரியவர் அறிந்திருந்த பொருள் இளையது. கல்லூரி அறிவிப்பில் இருந்த பொருளே மூத்தது.

புதுச்சேரிக்கு இச்சொல் வேறொரு வாயில் வழியாக வந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். பிரெஞ்சு மொழியில் ‘சிண்டிகா’ என்றால் தொழிற்சங்கம். ஒலிப்பில் ‘சேந்திக்கா’ என்பதற்கு நெருக்கமாக இருக்கும். 1936 சூலை 30 அன்று புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தனர். எட்டு மணி நேர வேலையோடு அவர்கள் கேட்ட மற்றோர் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை. தமிழில் அவர்கள் ‘சங்கம்’ என்று சொன்னதற்குப் பிரெஞ்சில் பெயர் இதே சொல்தான். கடலூரில் ஏலக் கூட்டாகவும், சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தின் ஆளும் குழுவாகவும், புதுச்சேரியில் உயிர்கொடுத்துப் பெற்ற சங்கமாகவும் ஒரே சொல் அறுபது, எழுபது கிலோமீட்டருக்குள் மூன்று உருவம் கொண்டிருக்கிறது. கடன்சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாமே என்போருக்கு இதுவே என் முதல் மறுமொழி.

பல்கலைக்கழகச் சிண்டிகேட்டுக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் தமிழ்ச்சொல் ‘ஆட்சிக்குழு’. நல்ல சொல். ‘குழு’ என்பது அளவான எண்ணிக்கையினரைக் குறிக்கும். சிலப்பதிகாரம் புகாரின் அரசியலைச் சொல்லுமிடத்தில் ‘ஐம்பெருங்குழு’ என்றும் ‘எண்பேராயம்’ என்றும் இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. ‘ஆட்சி’ என்பது ஆளுதலோடு கையாளுதலையும் குறிக்கும். சொத்தைக் கையில் வைத்திருத்தல், ஆசிரியரை அமர்த்துதல், வரவுசெலவைத் தயாரித்தல் என்று இக்குழு செய்யும் வேலைகளுக்கு அது பொருந்துகிறது. ‘நிர்வாகக் குழு’ என்று எழுதுவோரும் உண்டு. எந்தச் சங்கத்திலும் எந்தக் கோவிலிலும் நிர்வாகக் குழு இருப்பதால், அச்சொல் கேட்பவருக்கு எதையும் தனித்துக் காட்டுவதில்லை. ‘ஆட்சிமன்றக் குழு’ என்பது இன்னும் குழப்பம். மன்றம் வேறு, குழு வேறு. இரண்டையும் ஒட்டினால் பெரிய அவையா சிறிய குழுவா என்பது தெரியாமல் போகும்.

பல்கலைக்கழகத்தில் ஆட்சிக்குழுவைவிடப் பெரிய அவையின் பெயர் ‘செனட்’. இலத்தீனில் ‘செனெக்ஸ்’ என்றால் முதியவர். உரோமில் செனட் முதியோர் அவை. திருக்குறளில் ‘அவை அறிதல்’ என்னும் அதிகாரத்தில் ‘முதுவருள் முந்து கிளவாச் செறிவு’ என்று வருமிடத்தில் உள்ள முதுவர் அவையை அது நினைவூட்டுகிறது. பல்கலைக்கழகச் செனட்டை ‘ஆட்சிப் பேரவை’ என்றும் ‘பேரவை’ என்றும் எழுதுகிறோம். ‘ஆட்சி’ என்ற அடை இரண்டு அமைப்புகளுக்கும் பொதுவாக இருந்தால் வேறுபாடு மங்கிவிடும் என்பதால், செனட்டைப் ‘பேரவை’ என்று மட்டும் சொல்வதே என் விருப்பம்.

இவ்வேறுபாட்டில் இத்தனை கவனம் வேண்டியதற்குக் காரணம், அதிகாரம் எப்படிப் பிரிந்து நிற்கிறது என்பது இச்சொற்களுக்குள்தான் அடங்கியிருக்கிறது. 1857-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது ஆளுகை முழுவதும் செனட்டின் பெயரிலேயே இருந்தது. அன்றாட வேலையைப் பார்த்த சிண்டிகேட்டுக்குச் சட்டப்படியான இடம் கிடைத்தது 1904-ஆம் ஆண்டு இந்தியப் பல்கலைக்கழகச் சட்டத்தால்தான். 1923-ஆம் ஆண்டுச் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் பாடத்தையும் தேர்வையும் பற்றி முடிவெடுக்கக் கல்விக் குழு என்ற மூன்றாவது அமைப்பைச் சேர்த்தது. அதன்பின் பேரவை ஒருவகை விதியையும், ஆட்சிக்குழு வேறொரு வகை விதியையும், கல்விக் குழு மற்றொரு வகை விதியையும் இயற்றும் முறை நிலைபெற்றது. ஆட்சிக்குழு இயற்றும் விதிக்கு ஆங்கிலத்தில் ‘ஆர்டினன்ஸ்’ என்று பெயர். செய்திகளில் அச்சொல்லுக்கு ‘அவசரச் சட்டம்’ என்றே பழகிவிட்டதால், பல்கலைக்கழக ஆவணங்களைத் தமிழாக்கும்போதும் சிலர் அப்படியே எழுதிவிடுகிறார்கள். இங்கே அவசரம் எதுவும் இல்லை. ஒழுங்குபடுத்தும் விதி என்பதுதான் அதன் மூலப்பொருள். ‘ஒழுங்குவிதி’ என்றால் போதும்.

நம் மாவட்டத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் தொடங்கிய நாள்முதல் பேரவை, ஆட்சிக்குழு, கல்விக் குழு என்னும் மூன்றும் அங்கே உண்டு. ஆனால் அவற்றுக்கு மேலே நின்றவர் மாறினார். நிறுவனர் குடும்பத்தாரிடம் இருந்த இணைவேந்தர் பதவி, 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பல்கலைக்கழகம் அரசின் கைக்கு வந்தபோது உயர்கல்வி அமைச்சருக்குச் சென்றது. வேந்தர் ஆளுநர். துணைவேந்தரை அமர்த்தும் உரிமை ஆளுநருடையதா அரசினுடையதா என்ற வழக்கு 2025-இல் உச்சநீதிமன்றம் வரை சென்றதை அனைவரும் அறிவோம்.

அந்த ‘வேந்தர்’ என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. ‘சான்சலர்’ என்பதன் இலத்தீன் மூலமான ‘கான்செல்லாரியஸ்’, நீதிமன்றத்தின் மரக் கிராதி அருகே நின்ற வாயிற்பணியாளரைக் குறித்தது. அப்பணியாளர் எழுத்தராகி, முத்திரை காப்பவராகி, பிறகே பெரும்பதவியாளர் ஆனார். தமிழில் நாம் வைத்த சொல்லோ மூவேந்தருக்கு உரியது. முடி வேய்ந்தோன் வேந்தன் என்று தேவநேயப் பாவாணர் விளக்குவார். அவர் 1956 முதல் 1961 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே பணியாற்றியவர். கம்பீரமான சொல்தான், மாற்ற முடியாத அளவுக்கு ஊன்றியும் விட்டது. ஆனால் முடிசூடியவர் என்ற நினைவை அது கேட்பவர் மனத்தில் எழுப்புவதால், மூன்று அவைகளுக்குள் பிரிந்து கிடக்கும் அதிகாரம் முழுவதும் ஒருவரிடமே இருப்பதுபோன்ற தோற்றம் உண்டாகிவிடுகிறது. வேந்தர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஆட்சிக்குழு என்ற சொல் தமிழாக நிற்க வேண்டுமென்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1985-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது. நடுவண் பல்கலைக்கழகம் என்பதால் பெயர்கள் வேறு. செனட்டின் இடத்தில் அங்கே இருப்பது ‘கோர்ட்’. ஆட்சிக்குழுவின் இடத்தில் இருப்பதை ‘செயற்குழு’ எனலாம். கோர்ட் என்றதும் நீதிமன்றம் என்று எழுதிவிடும் பிழை எளிதில் நேரக்கூடியது. அடைப்புள்ள முற்றத்தைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. முற்றத்தில் கூடியவர்களுக்கு முற்றத்தின் பெயரே ஆகிவந்தது. ஊர்ப் பொதுவிடத்தைக் குறித்த ‘மன்றம்’ தமிழில் அங்கே கூடும் அவைக்கும் பெயரானதற்கு ஒப்பானது இது. எனவே ‘பல்கலைக்கழக மன்றம்’ என்று எழுதினால் மூலத்தோடும் தமிழோடும் ஒருங்கே ஒட்டும்.

அங்கே துணைக் குடியரசுத் தலைவர் வேந்தர். குடியரசுத் தலைவருக்குரிய பெயர் ‘விசிட்டர்’. இதைப் ‘பார்வையாளர்’ என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. மருத்துவமனையில் நோயாளியைப் பார்க்க வருபவரும், திடலில் ஆட்டம் பார்ப்பவரும் பார்வையாளர்கள். பல்கலைக்கழகத்தின் நடைமுறைகளை ஆய்வுசெய்ய ஆணையிடும் உரிமையைச் சட்டம் குடியரசுத் தலைவருக்கு அளித்திருக்கிறது. அவ்வுரிமை தெரியும்படி ‘மேற்பார்வையர்’ என்பதே தகும்.

பெரியவரிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. அறிவிப்பின் அந்த வரியை ‘பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் ஒப்புதலுக்கு உட்பட்டது’ என்று பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, “குழுவில் யார் யார் இருக்கிறார்கள்?” என்று அடுத்த கேள்வியைக் கேட்டார்.