பழைய ஃபிளாஷ் பாடத்தை மாற்றும்போது பாமினித் தமிழை என்ன செய்வது?

முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார். கோழி வளர்ப்புப் பற்றிய பழைய கணினிப் பாடம் ஒன்று இறுவட்டில் இருக்கிறதாம். படம் அசையும், குரல் வரும், கடைசியில் கேள்விகளும் வரும். இப்போது திறந்தால் வெறும் சாம்பல் பெட்டிதான் தெரிகிறது, இதைப் பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் ஓடவைக்க முடியுமா என்கிறார்.

முடியும். அது ஃபிளாஷில், அதாவது அசையும் படங்களை உலாவியில் ஓட்ட அடோபி நிறுவனம் கொடுத்துவந்த பழைய மென்பொருளில் செய்த பாடம். அடோபி 2020 டிசம்பர் 31 உடன் ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தி, 2021 ஜனவரி 12 முதல் அது ஓடாமலே தடுத்துவிட்டது. சும்மா திறந்து பார்த்தால் போதும் என்றால் ரஃபிள் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, உலாவிக்குள்ளேயே பழைய ஃபிளாஷ் கோப்பை ஓட்டிக் காட்டும், பல பாடங்களுக்கு அதுவே காணும். சிலர் பாடத்தை ஓடவிட்டு, திரையைப் பதிவுசெய்து, வீடியோவாக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. வீடியோவில் எழுத்தெல்லாம் படமாகிவிடும், தேட முடியாது, பெரிதாக்கினால் மங்கும், பார்வை குறைந்த பிள்ளைக்கு வாசித்துக் காட்ட வழியில்லை, போதாததற்கு டேட்டாவையும் தின்னும்.

பாடத்தை உண்மையாகவே இன்றைய வலைப்பக்கமாக மாற்றுவதென்றால் படங்கள் பெரிய சிக்கல் இல்லை. ஃபிளாஷ் வளைகோடுகளை வரையும் கணிதம் இன்றைய வலைப்பக்கங்களில் கோடுகளாகவே வரையும் எஸ்விஜி படங்களிலும் இருக்கிறது, அலகை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், ஃபிளாஷ் ஒரு பிக்சலை 20 ஆகப் பிரித்து எண்ணும். சிக்கல் நம்முடைய தமிழில்தான். இலங்கையில் அந்தக் காலத்துப் பாடம் என்றால் அனேகமாகப் பாமினி எழுத்துருதான், அதுவும் ஃபிளாஷும் சேர்ந்தால் ஒரு சொல் இரண்டு பூட்டுக்குள் போய்விடுகிறது.

‘கோழி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஃபிளாஷ் கோப்பு சாதாரண எழுத்தைச் சொல்லாக வைப்பதில்லை. கூடவே வைத்திருக்கும் எழுத்துருவில் இத்தனையாவது உருவத்தை வை, இவ்வளவு தள்ளி அடுத்ததை வை என்றுதான் எழுதி வைத்திருக்கும், அச்சுக்கோப்பவருக்குப் பெட்டி இலக்கம் சொல்வதுபோல. எந்த உருவம் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை எழுத்துருவோடேயே பெரும்பாலும் இருக்கும். அதைப் பிடித்துவிட்டால் முதல் பூட்டுத் திறந்தது. கையில் வருவது 78, 102, 104, 111, 112.

இரண்டாவது பூட்டு பாமினி. கணினியைக் கேட்டால் இது கோழி இல்லை, பெரிய என், சின்ன எஃப், எச், ஓ, பி என்ற ஆங்கில எழுத்துகள். பாமினி அந்த எழுத்துகளின் இடத்தில் நம்முடைய உருவங்களை வைத்திருக்கிறது. என் இருக்கும் இடத்தில் ே, எஃப் இருக்கும் இடத்தில் க, அப்புறம் ா, ழ, ி. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்ட வேண்டும், ஒற்றைக்கொம்போ இரட்டைக்கொம்போ முதலில், மெய் பிறகு, கால் கடைசியில். இன்றைய கணினிகளுக்கும் கைத்தொலைபேசிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் அப்படி இல்லை, நாம் சொல்லும் வரிசையில் க என்று வைத்து அதன்பின் ோ என்ற ஒரே குறியை வைக்கும். ஆகவே மாற்றும் நிரல் ே வந்ததும் அதை எழுதிவிடாமல் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த எழுத்தைப் பார்த்து, அதற்கும் அடுத்தது காலாக இருந்தால் இரண்டையும் சேர்த்து ோ ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் கே என்று முடிக்க வேண்டும். ஐந்து எண் நாலாகிறது: 2965, 3019, 2996, 3007. இப்போதுதான் அது கணினிக்கும் கோழி.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ள. ஒற்றைக்கொம்பு, வ, ள என்று வந்தால் அது வௌவாலின் வௌ ஆகவும் இருக்கலாம், வெள்ளத்தின் வெள் ஆகவும் இருக்கலாம், பாமினியில் இரண்டுக்கும் ஒரே தட்டல்தான். அவசரப்பட்ட நிரல் எல்லாவற்றையும் ஔகாரமாக்கிவிடும். செய்தித் தளங்களில் ‘வௌிநாடு’ என்று பார்த்திருப்பீர்களே, அது இப்படி வந்ததுதான். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் ‘வெள்ளம்’ என்று தேடுகிறவருக்கு ‘வௌ்ளம்’ கிடைக்காது. 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இது சின்ன விஷயமா? திருத்தமோ மிக எளிது. ள-வுக்கு அடுத்தது என்ன என்று ஓர் எழுத்துத் தள்ளிப் பார்த்தால் போதும். புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ள என்ற எழுத்துத்தான், ஏனென்றால் ஔகாரக் குறியின் மேல் புள்ளி ஏறாது. ஒன்றும் வராவிட்டால் பெரும்பாலும் ஔ: கௌதாரி, பௌர்ணமி, மௌனம். அந்தச் சில சொற்களை மட்டும் ஒரு மனிதர் பார்த்துவிடலாம்.

மற்றவை விரைவாக முடியும். குரலை எம்பி3 ஆக எடுக்கலாம், கேள்விகளைப் புதிதாக எழுதுவதே சுகம், பாடம் மூடில் என்ற இணையவழிக் கற்பித்தல் தளத்தில் ஏற்றியதாக இருந்தால் பரீட்சைப் புள்ளிகளை அனுப்பும் ஸ்கோர்ம் பகுதி பொதுவாக ஃபிளாஷுக்கு வெளியே, ஜாவாஸ்கிரிப்ட் என்ற வலைப்பக்க நிரல்மொழியில் இருக்கும், அதை வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் கோபத்தோடு சொல்ல வேண்டும். திட்டக் காசில் பாடம் செய்கிறவர்கள் ஓடும் கோப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், திருத்தக்கூடிய மூலக் கோப்பு யாரிடமும் இருப்பதில்லை. மூலக் கோப்பும் யூனிகோட் எழுத்தும் கைக்கு வராமல் கடைசிக் காசைக் கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். பள்ளிக்கூடங்களுக்குப் புதுக் கணினி வாங்கும் பணத்தில் கொஞ்சம் இந்த மாற்று வேலைக்கும் போகட்டும், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பல்கலைக்கழக மாணவர்கள் இருக்கிறார்கள், அவர்களால் முடியாத வேலை இல்லை இது.

ஆசிரியருக்கு: இறுவட்டில் எஃப்எல்ஏ என்று முடியும் கோப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதுதான் மூலக் கோப்பு, பாதி வேலை முடிந்தது. எஸ்டபிள்யூஎஃப் என்று முடியும் ஓடும் கோப்பு மட்டும்தான் என்றால் மேலே சொன்ன வழி. சில பக்கங்களில் எழுத்தை உடைத்துக் கோடுகளாக ஆக்கியிருப்பார்கள், அங்கே அட்டவணை எதுவும் கிடைக்காது, அவற்றைப் பார்த்துப் பார்த்துத் திரும்பத் தட்டத்தான் வேண்டும்.