கண்ணில் சுண்ணாம்பு, சிறுநீரகத்தில் கசிவு

கண்ணாடி மாற்றப் போனவரின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, உள்ளே பார்க்கிறார் மருத்துவர். விழித்திரையின் மேல்பகுதியில், நெற்றிப்பொட்டுப் பக்கமாக, வெளிர்மஞ்சள் திட்டுகள். வலி இல்லை, பார்வையிலும் குறையில்லை. ஆனால் வேறெங்கிருந்தோ பரவி வந்த புற்றுநோய்க் கட்டியும் இப்படித் தெரியலாம் என்பதால் பதற்றம். ஸ்கேன் எடுத்தால் திட்டு பளீரென்று வெள்ளையாகத் தெரிகிறது. அதற்குப் பின்னால் கறுப்பாக நிழல் விழுகிறது. சதைக்கட்டி அப்படி நிழல் போடாது. அது கால்சியம். விழித்திரைக்குப் பின்னால், கண்ணின் வெள்ளைச் சுவரிலும் அதையொட்டிய ரத்தக்குழாய்ப் படலத்திலும் படிந்திருக்கிறது.

இப்படிப் படிகிற வயதானவர்களில் பலருக்குத் தனிக்காரணம் எதுவும் இருக்காது. சிலருக்கு மட்டும் வேர் சிறுநீரகத்தில் இருக்கிறது: பார்ட்டர், கிட்டல்மன் என்ற பரம்பரைக் கோளாறுகள்.

கால்சியம் படிந்தால் ரத்தத்தில் கால்சியம் கூடிவிட்டது என்றுதான் நினைப்போம். கிட்டல்மன் நோயில் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். குறைவது மெக்னீசியமும் பொட்டாசியமும்.

சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகிறது. அதில் கரைந்திருக்கும் உப்பு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ! கிட்டத்தட்ட அத்தனையையும் உடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வடிகட்டிய நீர் ஓடும் நுண்குழாயின் பிற்பகுதியில் உள்ள ஒரு புரதக் கதவு அந்த உப்பில் 5 முதல் 10 சதவீதத்தை மீட்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் கதவு வேலை செய்யாது; அதுதான் கிட்டல்மன். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் தையசைடு மாத்திரை அடைப்பதும் இதே கதவைத்தான். உப்போடு பொட்டாசியமும் மெக்னீசியமும் சிறுநீரில் போய்விடும். பார்ட்டரில் பழுது இதற்குச் சற்று முன்னால்.

சரி, மெக்னீசியம் குறைந்தால் கால்சியம் ஏன் படிய வேண்டும்? நம் செல்கள் பைரோபாஸ்பேட் என்ற பொருளை ஓயாமல் உண்டாக்குகின்றன. அதை உடைக்கும் நொதிகளுக்கு மெக்னீசியம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் பைரோபாஸ்பேட் தேங்கி, கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிவிடும். இதே படிகம் முழங்காலில் படிந்து மூட்டு வீங்குவதும் உண்டு.

கண்ணில் உள்ள திட்டுக்குப் பெரும்பாலும் சிகிச்சையே தேவையில்லை, அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும். பொட்டாசியக் குறைவை அப்படி விட முடியாது. அது இதயத் துடிப்பையே குலைக்கும். அதனால் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும். வழக்கமான பரிசோதனைகளில் மெக்னீசியம் பெரும்பாலும் இருக்காது, தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம், ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறதா, சின்ன வயதிலிருந்தே உப்பை அள்ளித் தின்னத் தோன்றுமா என்று அவரிடம் கேட்கவும் வேண்டும்.