3,000 சொற்கள் தெரிந்தும் ஆங்கிலம் ஏன் வரவில்லை?

போன மாதம் ஒரு தம்பி வகுப்பில் சேர வந்தார். ஏஎல் என்ற உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தவர், ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை எடுக்கும் எண்ணத்தில் இருக்கிறார். கையில் தடித்த சீஆர் கொப்பி ஒன்று. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அதற்குத் தமிழ். ஏ முதல் இசட் வரை கிட்டத்தட்ட 3,000 சொற்கள், முத்துமுத்தான எழுத்தில். இரண்டு வருடம் இருந்து எழுதியிருக்கிறார். நான் எந்தப் பக்கத்தைத் திருப்பிக் கேட்டாலும் பொருள் சொன்னார். 'ஹெவி' என்றேன், பாரமான என்றார். 'ஸ்ட்ரோங்' என்றேன், பலமான என்றார்.

சரி, காலையில் குடித்த சாயம் கூடின தேத்தண்ணியை ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு 'ஹெவி ரீ' என்றார். நேற்றுப் பெய்த கடும் மழையை? 'ஸ்ட்ரோங் ரெயின்'.

தேவையான இரண்டு சொல்லும் கொப்பியில் இருந்தன. ஆனால் மழையோடு போக வேண்டிய ஹெவி தேத்தண்ணியோடும், தேத்தண்ணியோடு போக வேண்டிய ஸ்ட்ரோங் மழையோடும் போய் நின்றன. இருபது வருடத்துக்கு மேலாக யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஓஎல் பிள்ளைகள், தாதியர், வங்கி வேலைக்குப் போகிறவர்கள், வெளிநாடு போக ஆயத்தமாகிறவர்கள் என்று எல்லாரிடமும் இதையே பார்க்கிறேன். உழைப்பில் ஒரு குறையும் இல்லை. சொல்லைத் தனியாகப் பிரித்துப் படிப்பதால்தான் அந்த உழைப்பு வீணாகிறது.

நம் வளவையே எடுத்துக்கொள்ளுங்கள். மாங்காய் ஆய்கிறோம். தேங்காய் பிடுங்குகிறோம். வாழைக்குலை வெட்டுகிறோம். பனங்கிழங்கு கிண்டுகிறோம். பனங்காய் பொறுக்குகிறோம். யாராவது வந்து 'பனங்கிழங்கு ஆய்ந்தேன்' என்றால் விளங்கும், ஆனால் காதில் இடறும். எந்தச் சொல்லுக்கு எந்த வினை என்று நமக்கு யாரும் பட்டியல் போட்டுத் தரவில்லை. இரண்டையும் சேர்த்தே கேட்டு வளர்ந்தோம். ஆங்கிலத்திலும் அப்படித்தான். பிழையை 'மேக்' பண்ணுவார்கள், வீட்டுப்பாடத்தை 'டூ' பண்ணுவார்கள், படத்தை 'டேக்' பண்ணுவார்கள், கவனத்தை 'பே' பண்ணுவார்கள். தமிழில் எல்லாவற்றுக்கும் 'செய்' போதும் என்று நினைத்து 'டூ எ மிஸ்டேக்' என்று எழுதினால், அது அவர்களுக்குப் பனங்கிழங்கு ஆய்ந்த மாதிரிக் கேட்கும்.

ஐஈஎல்டிஎஸ் எழுத்துப் பகுதிக்குப் புள்ளியிடும் நான்கு அளவுகோல்களில் ஒன்று சொல்வளம். கால்வாசி மதிப்பு அதற்கு. ஏழாவது பாண்ட், அதாவது ஏழாவது புள்ளி நிலை எடுக்க, எந்தச் சொல் எதோடு சேரும் என்ற உணர்வு இருக்க வேண்டும் என்று அந்த அளவுகோல்களின் விளக்கக் குறிப்பிலேயே இருக்கிறது. பெரிய பெரிய சொற்களாகப் போட்டால் புள்ளி கூடும் என்ற நம்பிக்கை எங்கள் ரியூசன் வட்டாரத்தில் பலமாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எத்தனை சொல் வேண்டும் என்று பெற்றோர் கேட்பார்கள். டாக்காப் பக்கம் நெடுங்காலம் கல்விப் பணி செய்த மைக்கல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1953இல் ஏறக்குறைய 2,000 அடிப்படைச் சொற்களைத் தொகுத்து வெளியிட்டார். சாதாரண ஆங்கில எழுத்தில் ஐந்துக்கு நான்கு பங்கு அதற்குள்ளேயே அடங்கிவிடும். கம்பஸ் போகிறவர்களுக்கு, 2000ஆம் ஆண்டில் அவெரில் கொக்ஸ்ஹெட் தொகுத்த 570 சொற்குடும்பங்களின் பட்டியல் மேலதிகமாக உதவும். ஆகவே அந்தத் தம்பியின் கொப்பியில் இருந்த சொற்களே தாராளம். நாலாயிரமாவது சொல்லைத் தேடி ஓட வேண்டியதில்லை. 'டேக்', 'மேக்', 'கெட்', 'கீப்' போன்ற சின்னச் சொற்கள் எதெதோடு சேர்கின்றன என்று பார்த்தாலே அரைவாசித் தூரம் போய்விடலாம்.

அவரிடம் புதுக் கொப்பி ஒன்று வாங்கச் சொன்னேன். ஒரு நாளைக்கு மூன்றே மூன்று சொல். ஒவ்வொன்றையும் அதன் கூட்டாளிச் சொல்லோடு எழுத வேண்டும். கீழே ஒரு வசனம், அதுவும் தன் வாழ்க்கையிலிருந்து. 'ஸ்ட்ரோங் ரீ' என்றால் அம்மம்மா போடும் தேத்தண்ணியைப் பற்றி எழுதட்டும். எழுதியதை அடுத்த நாள், மூன்றாம் நாள், ஒரு கிழமை கழித்து, ஒரு மாதம் கழித்து என்று திரும்பப் பார்க்க வேண்டும். வலப்பக்கத்தை மூடிக்கொண்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பது முக்கியம். படித்தது முதல் நாளிலேயே பெருமளவு மறந்துபோகும் என்பதை ஜேர்மானியரான எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885இல் எழுதி வைத்தார். மறக்கிற நேரம் பார்த்துத் திரும்பத் தொட்டால்தான் சொல் தங்கும்.

அகராதி விடயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். போனில் சொல்லைத் தட்டினால் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைக் காட்டும் செயலிகள் அவசரத்துக்குச் சரி. படிப்பதற்கு ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், லோங்மன் ஆகியவை கற்போருக்கென்றே போட்டிருக்கும் ஆங்கில அகராதிகளைப் பாவியுங்கள். இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். எளிய விளக்கமும் மாதிரி வசனமும் இருக்கும். பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் எண்ணக்கூடியதா, எண்ண முடியாததா என்ற குறிப்பும் இருக்கும்.

அந்தக் குறிப்பை நம் பிள்ளைகள் கவனிப்பதே இல்லை. தமிழில் தகவல்கள், ஆலோசனைகள், தளபாடங்கள், உபகரணங்கள் என்று எல்லாம் பன்மையில் வரும். அதே பழக்கத்தில் 'இன்ஃபோர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்', 'எக்குயிப்மென்ட்ஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இந்த நான்குக்கும் பன்மை இல்லை. தண்ணீரைப் போல ஒரு திரளாகத்தான் அவற்றைப் பார்க்கிறார்கள். ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டுமென்றால் 'எ பீஸ் ஒஃப் அட்வைஸ்'.

இப்படிப் பிழைகளைத் தேடிப் போனால், அநேகமாக ஒவ்வொன்றின் அடியிலும் ஒழுங்கான ஒரு தமிழ் வசனம் இருக்கும். அதனால்தான் பிள்ளைகளிடம் 'தமிழில் யோசிக்காதே' என்று நான் சொல்வதில்லை. தமிழில் எப்படி வருகிறது என்று சொல்லு, பார்ப்போம் என்பேன்.

'இரண்டு வருசமா இங்கை வேலை செய்யிறன்' என்பது நல்ல தமிழ். அதுவே 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்' என்று வந்துவிடும். அங்கே 'ஐ ஹாவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபோர் டூ இயர்ஸ்' என்றுதான் வர வேண்டும். எது சின்ஸ், எது ஃபோர் என்று குழம்பினால் தமிழையே கேளுங்கள். 'இரண்டு வருடமாக' என்று 'ஆக' வந்தால் ஃபோர். '2022இலிருந்து' என்று 'இலிருந்து' வந்தால் சின்ஸ். இதைச் சொன்ன அன்று பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, "பத்து வருசமா இதைப் பாடமாக்கினனான் மிஸ்" என்றாள். அவள் குரலில் இருந்த கவலை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'த' எங்கே போடுவது என்பது அதைவிடப் பெரிய தலையிடி. தமிழில் அப்படி ஒரு சொல் இல்லை. ஆனால் அந்த உணர்வு இருக்கிறது. 'சயிக்கிள் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு சயிக்கிள். 'சயிக்கிளை வாங்கினேன்' என்றால் நீங்களும் நானும் முன்பே கதைத்த அந்தச் சயிக்கிள். முதலாவதுக்கு 'எ', இரண்டாவதுக்கு 'த'. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஆறுகளின் பெயர், இசைக்கருவிகள் என்று தனி வழக்கங்கள் உண்டு. ஆனாலும் தொடங்குகிறவர்களுக்கு, 'சயிக்கிளை' என்பதன் கடைசியில் வரும் இந்த 'ஐ' நல்ல கைவிளக்கு.

'சொன்னார்' என்ற ஒரு சொல் ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரியும். யாருக்குச் சொன்னார் என்பதும் கூட வந்தால் 'டோல்ட்', வராவிட்டால் 'செட்'. இரவல் கொடுப்பது 'லெண்ட்', இரவல் வாங்குவது 'பொரோ'. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'அபௌட்' வேண்டாம். நேற்று இரவு என்பது 'லாஸ்ட் நைட்'. இவற்றை ஒரு பின்னேரத்தில் திருத்திவிடலாம்.

நாம் ஆங்கிலம் என்று நினைத்துப் பாவிக்கும் நம்மூர்ச் சொற்களைப் பற்றி இன்னொன்று. கரண்ட் போனது, டவுட் கேட்பது, பிளேன் ரீ, படிப்பை முடித்துப் பாஸ் அவுட் ஆவது. இவற்றை இங்கே பிழை என்று சொல்ல மாட்டேன். இலங்கை ஆங்கிலத்துக்கு என்று ஒரு வழக்கு இருக்கிறது, கொழும்பில் கதைத்தாலும் விளங்கும். ஆனால் கனடாவில் ஒரு விரிவுரையாளரிடம் 'ஐ ஹாவ் எ டவுட்' என்றால், அவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அங்கே 'ஐ ஹாவ் எ குவெஸ்டியன்'. லண்டனில் 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுவது. யாரோடு கதைக்கிறோம் என்று பார்த்துச் சொல்லை மாற்றத் தெரிந்திருக்க வேண்டும்.

சில பெற்றோர் வீட்டில் தமிழே கதைக்க விடாமல் பிள்ளையை வளர்க்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினறி என்ற கல்லூரியில் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்தே படித்தார்கள். 1841இல் வந்த உதயதாரகைப் பத்திரிகை இரண்டு மொழியிலும் வந்தது. அந்தச் செமினறியில் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளைதான் பின்னாளில் ஏட்டிலிருந்த கலித்தொகையை அச்சில் ஏற்றினார். உங்கள் பிள்ளையின் தமிழ் திடமாக இருந்தால், மேலே சொன்ன 'ஆக', 'இலிருந்து', 'ஐ' எல்லாம் எனக்குக் கைகொடுக்கும். தமிழும் ஆட்டம் கண்டிருந்தால் நான் எதைப் பிடித்துக்கொண்டு படிப்பிப்பது?

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தரும் பிழை ஒன்று இருக்கிறது. தாதியர் பயிற்சி முடித்த ஒரு பிள்ளைக்கு மாதிரி நேர்முகப் பரீட்சை வைத்தேன். 'டோன்ட் யூ ஹாவ் எனி எக்ஸ்பீரியன்ஸ் வித் சில்ட்ரன்?' என்று கேட்டேன். அவள் உடனே 'யெஸ்' என்றாள். எத்தனை வருட அனுபவம் என்று அடுத்துக் கேட்டேன். முகம் வாடிவிட்டது.

"எனக்கு அனுபவம் ஒண்டும் இல்லை மிஸ். அதுதானே யெஸ் எண்டு சொன்னனான்."

தமிழில் அவள் சொன்னது முழுக்கச் சரி. 'அனுபவம் இல்லையோ?' என்றால் 'ஓம், இல்லை' என்போம். கேட்டவர் நினைத்தது சரி என்று ஒத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் கேள்வியின் வடிவத்தைப் பார்க்கக் கூடாது, நடந்ததை மட்டும் பார்க்க வேண்டும். இருந்தால் யெஸ், இல்லாவிட்டால் நோ. ஒரு நோயாளியிடம் 'ஹாவன்ட் யூ டேக்கன் யுவர் டேப்லெட்?' என்று கேட்க, குளிசை போடாத அம்மா ஒருவர் 'யெஸ்' என்றால், போட்டாயிற்று என்று குறிப்பில் ஏறிவிடும். இனி ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல வேண்டாம், 'நோ, ஐ ஹாவன்ட்' என்று வாலையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன். அன்று இருபது தடவையாவது மாறி மாறிக் கேட்டுப் பழகினோம். கடைசி ஐந்தில் ஒன்றுகூட அவள் பிழைவிடவில்லை.

வெளிக்கிடும்போது படலையடியில் நின்று கேட்டாள்.

"உங்களுக்கு இண்டைக்கு வேறை வகுப்பு இல்லையோ மிஸ்?"

"ஓம் பிள்ளை, இல்லை," என்றேன்.