முக்காலி வைப்பதற்கு முன் மூன்று நாள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துக் குவாலா கங்சாரிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் உள்ள அந்தத் தோட்டப்புறப் பட்டணத்தில், பேருந்து நிற்குமிடத்திற்கும் பழைய கடைவரிசைக்கும் நடுவே, காலை 9 மணிக்கு மேல் ஒரு காட்சியைக் காணலாம். மருந்து வாங்கவும் வங்கிக்குப் போகவும் வந்து வீடு திரும்பும் வயதான பெண்கள் ஏழெட்டுப் பேர், ஒரு விளம்பரப் பலகையின் நிழலுக்குள் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். நிழல் நகர நகர அவர்களும் நகர்வார்கள். நிலவடிவமைப்பாளராக 20 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, அவ்வழியே பலமுறை காரில் சென்றிருந்தும், நான் அதைக் கவனித்ததில்லை. கவனித்துச் சொன்னவர்கள் என்னிடம் பயிலும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள்.

பட்டணத்தின் பொதுவிடம் ஒன்றில், விளையாட்டு உணர்வோடு, குறைந்த செலவில், சில வாரங்களுக்கு மட்டும் இருக்கக்கூடிய ஒன்றைச் செய்து வைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தரப்பட்ட பயிற்சி. இத்தகைய பயிற்சிகள் இப்போது பல கல்லூரிகளில் நடைபெறுகின்றன. அவற்றை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அவை நடைபெறும் விதத்தைப் பற்றிக் கவலையும் கொண்டிருக்கிறேன். மாணவர்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே வரைபடம் முடிந்துவிடுகிறது. மரத்தில் ஊஞ்சல், தரையில் வண்ணம், டயரில் பூச்செடி என்று வைத்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, மதிப்பெண் வந்ததும் போய்விடுகிறார்கள். வைத்த பொருள் மழையில் ஊறிக் கிடக்க, அதை அப்புறப்படுத்தும் வேலை, கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைவழியான அஞ்சடியைக் கூட்டுபவரின் தலையில் விழுகிறது.

தோட்டப்புறப் பட்டணங்களில் இது கூடுதலாக வலிக்கும். ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குத் திடல் இருந்தது, மாரியம்மன் கோவில் முற்றம் இருந்தது, லயத்து (தொழிலாளர் வரிசை) வீடுகளுக்கு நடுவே பிள்ளைகள் ஓடியாட மண் தரை இருந்தது. பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்ற, 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும், பால்மரம் எனப்படும் ரப்பர் மரம் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்ததும், பின்னர் வந்த வீடமைப்புத் திட்டங்களும் அவர்களைப் பட்டணத்துத் தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கு, அனுப்பின. வீடு கிடைத்தவர்களுக்கும் காசு கொடுக்காமல் உட்கார ஓரிடம் கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவர்களின் கண் முன்னே அழகான ஒன்றை வைத்து, ஒரு மாதத்தில் சொல்லாமல் எடுத்துச் செல்வது சிறிய காரியமன்று.

ஆகவே முதல் மூன்று நாள்கள் எதையும் வரையக்கூடாது, குறிப்பேட்டோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று சொன்னேன். நிழலைப் பின்தொடரும் வரிசையை அவர்கள் கண்டது இரண்டாம் நாளில். நியூயார்க் நகரச் சதுக்கங்களைப் படம் பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட், நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால் மக்கள் உட்காருவதற்கு முன் அதைச் சற்றேனும் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள் என்று கவனித்தார். எங்கள் மாணவர்களுக்கு அந்தக் குறிப்பும் நிழல் வரிசையும் ஒன்றாகச் சேர்ந்தன. ஊஞ்சல் திட்டத்தைக் கைவிட்டு, ஒரு கையால் தூக்கக்கூடிய 12 முக்காலிகளைச் செய்தார்கள். வைத்த அன்றே பெண்கள் அவற்றை நிழலோடு இழுத்துச் சென்றார்கள். எங்கே வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கேட்காமல் வைக்கக்கூடாது என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அஞ்சடி என்பது வெறும் திண்ணை அன்று. 1822-இல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம், ஒவ்வொரு கடையின் முன்னும் தொடர்ச்சியான, கூரையிட்ட நடைவழி எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றது. நம் நாட்டின் 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டமும் அந்த வழியை அடைப்பதைத் தடுக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு ஓர் அழகான இருக்கையும் தடைதான். நாங்கள் அஞ்சடியை விட்டுவிட்டு, ஏறத்தாழ 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்ட ஒரே ஒரு கார் நிறுத்துமிடத்தை உள்ளூர் மன்றத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பெற்றோம். 2005-இல் சான் பிரான்சிஸ்கோவில் ரீபார் என்னும் வடிவமைப்புக் குழுவினர் மீட்டரில் காசு போட்டு, ஒரு நிறுத்துமிடத்தைப் புல்தரையும் மரமும் பெஞ்சும் கொண்ட பூங்காவாக இரண்டு மணி நேரம் வைத்திருந்ததைப் பலரும் அறிவர். அவர்களும் அந்த இடத்துக்குரிய வாடகையைச் செலுத்திய பிறகே புல்லை விரித்தார்கள் என்பதை மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இனி என் சொந்தத் தவறு ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில், வண்ணம் பூசிய ஆறு பழைய டயர்களை இருக்கைகளாக வைக்க நான் ஒப்புதல் கொடுத்தேன். அடியில் துளையிட வேண்டும் என்று சொல்ல மறந்தேன். நீண்ட விடுமுறை முடிந்து திரும்பியபோது, எதிரிலிருந்த காப்பிக்கடைக்காரர் என்னை அழைத்து ஒரு டயருக்குள் கைவிளக்கை அடித்துக் காட்டினார். தேங்கிய நீர் முழுவதும் கொசுப் புழுக்கள் நெளிந்தன. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். அந்தக் கடைக்குப் பின்னால் ஒரு மழலையர் பள்ளி இருந்தது. 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின் கீழ் அபராதம் வந்திருந்தால் கட்டியிருக்கலாம். ஒரு பிள்ளைக்கு டெங்கி வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அதன் பிறகு என் மாணவர்கள் யாரும் டயர் பயன்படுத்துவதில்லை.

மற்றப் பொருள்களிலும் இதே கவனம் வேண்டும். சரக்குகளை அடுக்கி ஏற்றும் மரப் பலகைத் தட்டுகளை உடைத்து இருக்கை செய்வதென்றால் அதில் பொறிக்கப்பட்ட முத்திரையைப் பாருங்கள்: எச்.டி. என்றால் வெப்பமூட்டிப் பதப்படுத்தியது, எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப்புகையிட்டது. பின்னதைத் தொடவே வேண்டாம். குழந்தைகள் ஏறும் எதிலும் 9 முதல் 23 சென்டிமீட்டர் வரையிலான இடைவெளி இருக்கக்கூடாது, உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும். தரையில் பூசும் வண்ணத்தில் மணல் கலக்காவிட்டால், மாலை மழையில் அது எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும்.

அந்தப் பட்டணத்தில் நான் மிகவும் மகிழ்ந்தது பல்லாங்குழிப் பெஞ்சைக் கண்டுதான். நீண்ட பலகையின் நடுவே 14 குழிகளைக் குடைந்து, காய்களுக்குப் பால்மரக் கொட்டைகளைப் பொறுக்கி வந்திருந்தார்கள். பச்சைக் கொட்டையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. சிறு பிள்ளைகள் வாயில் போட்டால் தொண்டையிலும் அடைக்கும். ஆகவே அவற்றைத் திறந்த பெட்டியில் வைக்க நான் மறுத்தேன். முன்பு பால் வெட்டிய பாட்டி ஒருவர், “பையில வச்சி நானே கொண்டு வர்றேன் பாப்பா, எனக்கு இதெல்லாம் புதுசா?” என்று பொறுப்பை வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் ஒரு மலாய் மூதாட்டி எதிரே உட்கார்ந்து, குழிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, “வீடு எங்கே?” என்று கேட்டார். அவர் ஆடும், பல்லாங்குழி போன்ற மலாய் ஆட்டமான சொங்காக்கில் இரு முனைகளிலும் பெரிய குழி உண்டு, அதற்குப் பெயர் வீடு. மறுவாரம் மாணவர்கள் இரண்டு வீடுகளையும் குடைந்தார்கள். அதன் பின் எந்த விதிப்படி ஆடுவது என்று அந்த இருவருக்கும் நாள்தோறும் வாக்குவாதம்.

எல்லாம் பலித்துவிடவில்லை. வெயிலில் வரைந்த நொண்டிக் கட்டத்திற்கு மாலை 6 மணி வரை ஒரு பிள்ளையும் வரவில்லை. அதையும் அறிக்கையில் எழுதச் சொன்னேன். ஆம்ஸ்டர்டாமில் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் 1947 முதல் 1978 வரை 700-க்கும் மேற்பட்ட விளையாட்டிடங்களை அமைத்தார். மணற்குழி, குட்டிக்கரணக் கம்பி, சில கற்கட்டைகள் போன்ற எளிய பொருள்களே அவற்றில் இருந்தன. அவற்றுள் பல, அக்கம்பக்கத்தார் நகராட்சிக்குக் கடிதம் எழுதிக் கேட்டதால் வந்தவை. கேட்டவர்கள் இருந்ததும் ஓர் அலுவலகம் அதைப் பொறுப்பேற்றதும் அந்த நீண்ட வரலாற்றுக்குக் காரணங்கள் என்று நான் நம்புகிறேன்.

அனுமதித்த நான்கு வாரங்கள் முடிந்ததும், முன்பே அறிவித்த சனிக்கிழமையில் எல்லாவற்றையும் எடுத்தோம். முக்காலிகள் 12-உம் இருந்தன. மளிகைக் கடைக்காரர் ஒவ்வோர் இரவும் உள்ளே எடுத்து வைத்திருக்கிறார். பெஞ்சை வண்டியில் ஏற்றும்போது, திரும்ப எப்போது வரும் என்று பாட்டி கேட்டார். பதில் சொல்ல முடியாத மாணவி, அன்று மாலையே மன்றத்திற்கு ஒரு கடிதம் எழுதினாள். அதில் மூன்று கடைக்காரர்களின் கையெழுத்தும், அவற்றின் கீழே பாட்டியின் பெருவிரல் ரேகையும், மலாய் மூதாட்டி ஜாவியில் (அரபு எழுத்தில் எழுதும் மலாய்) எழுதியதும் இருக்கின்றன.