ஜவாப்தாரி

"உங்க நாய் கடிச்சதுக்கு யாருங்க ஜவாப்தாரி?" முத்தியால்பேட்டையானாலும் கடலூர் மஞ்சக்குப்பமானாலும், நாய்க்கடித் தகராறில் இந்தக் கேள்வி வந்துவிடும். கெண்டைக்காலில் பல் பதிந்து ரத்தம் வழிய நிற்பவர் கேட்பார். வீட்டுக்காரர் "அது ஒண்ணும் பண்ணாதுங்க" என்பார். முதலில் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் காயத்தைக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சண்டை அப்புறம்.

ஜவாப் என்பது அரபு மொழியில் பதில். அதோடு 'உடையவர்' என்ற பொருள் தரும் பாரசீகத் 'தார்' சேர்ந்தால் ஜவாப்தார், பதில் சொல்லக் கடமைப்பட்டவர். தாசில்தார், ஜமீன்தாரில் வருவதும் இதே தார்தான். உருதுவில் ஜவாப்தாரி, மராத்தியில் ஜபாப்தாரி என்றால் பொறுப்பு, ஆளைக் குறிக்காது. தமிழிலோ ஆளையே ஜவாப்தாரி என்கிறோம். பட்டதாரி, வேடதாரி என்று ஆளைக் குறிக்கும் வடமொழித் 'தாரி' நம் காதில் ஏற்கெனவே இருந்ததுதான் இதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பதில் சொல்வதிலிருந்து பொறுப்பு பிறப்பது பல மொழிகளில் நடந்திருக்கிறது. வடமொழியில் உத்தரம் என்றால் பதில். அதிலிருந்து வந்த உத்தரவாதித்தம் மலையாளத்தில் பொறுப்பைக் குறிக்கிறது. நம்மிடம் உத்தரவாதம் கேரண்டியாகிவிட்டது. பிரெஞ்சின் ரெஸ்பான்சாப்ள் என்ற சொல்லும் பதில் சொல்வதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்ததுதான். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நடைமுறையில் இருந்த சிவில் சட்டத்தொகுப்பின் 1385ஆம் பிரிவு இந்தச் சொல்லைத்தான் ஆள்கிறது: விலங்கின் உரிமையாளரோ, அதைத் தன் பயன்பாட்டில் வைத்திருப்பவரோ, அது செய்த சேதத்துக்குப் பொறுப்பு, அது தப்பி ஓடியிருந்தாலும் பொறுப்புதான். 1804இல் எழுதிய இந்த வாசகம் இன்று பிரான்சில் 1243ஆம் பிரிவாக இருக்கிறது.

தமிழ்ச் சொல் வேறு வழியில் வந்தது. பொறு என்றால் தாங்கு, சும. பொறை என்றால் சுமை. ஆகவே பொறுப்பு என்பது தோளில் ஏற்றுக்கொள்வது. நாய்க்கடி விஷயத்துக்கு இதுவே அதிகம் பொருந்துகிறது. பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஊசிச் செலவும் போன கூலியும் யாராவது சுமந்தே ஆக வேண்டும். எனவே ஜவாப்தாரிக்குப் 'பொறுப்பாளி' என்று எழுதுங்கள். 'பொறுப்பாளர்' வேண்டாம், அது மாவட்டப் பொறுப்பாளர் மாதிரி பதவியில் இருப்பவரைக் குறிக்கப் போய்விட்டது. சட்ட எழுத்தில் கடப்பாடு, பொறுப்புடைமை என்றும் வரும். நஷ்டஈட்டில் ஈடு நம்முடையதுதான், நஷ்டத்தை மட்டும் மாற்றினால் இழப்பீடு.

நாய் விஷயத்தில் 'உரிமையாளர்' என்று மட்டும் எழுதினால் பொருள் சுருங்கிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 291ஆம் பிரிவு, நாய் யாருடையது என்று கேட்கவில்லை; யார் வசம் இருந்தது என்று கேட்கிறது. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் எனும்போது, அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தோ அலட்சியமாகவோ செய்யாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவில் அபராதம் 1,000 ரூபாய்தான். ஊருக்குப் போனவர் நாயைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தால், அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் இந்தப் பிரிவுக்குள் வரலாம்.

அபராதம் அரசுக்குப் போகிற பணம். கடிபட்டவருக்கு வேண்டிய இழப்பீட்டை உரிமையியல் நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் போட்டுக் கேட்கலாம். அங்கே நாய் கடிக்கும் என்பது வளர்ப்பவருக்கு முன்பே தெரியுமா என்ற கேள்வி முக்கியமாக வரும். 'நாய் ஜாக்கிரதை' பலகை மாட்டிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று பலர் நம்புகிறார்கள். தீராது. அவருக்கு முன்பே தெரியும் என்பதற்கு அந்தப் பலகையையே காட்டி எதிர்த்தரப்பு வாதாடலாம். ஓ.பி. சீட்டு, ஊசி போட்ட அட்டை, மருந்துக்கடை பில், காயத்தின் போட்டோ எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.